இறங்கி வருவதற்கு ஒரு வழி

கரி சேர்ந்த எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது விறைத்துக்கொள்ளும். செம்பை அப்படிச் செய்தால் இளகிவிடும். துவாக்குடிப் பட்டறைகளில் கொதிகலன் குழாய்களோடு மல்லுக்கட்டி வளர்ந்த என் கைக்குச் செம்பு சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. தட்டத் தட்டச் செம்பு இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் விளிம்பில் வெடிப்பு விடும். நிறுத்தி, மங்கிய சிவப்பு தெரியும்வரை சுட்டு, தோய்த்து, மறுபடி தட்ட வேண்டும். அந்தச் சிவப்பு வெயிலில் கண்ணுக்குப் படாது. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அரையிருட்டில் பார்த்தால்தான் தெரியும்.

நான் தட்டிக்கொண்டிருந்தது, சாராயம் வடிக்கும் செம்புத் தூண் ஒன்றுக்கான தகட்டை. இதைத் தமிழில் எழுதும்போது சட்டத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் இருப்பது நியூசிலாந்தின் வைகாட்டோ பகுதியில். 1996ஆம் ஆண்டின் சுங்க, கலால் சட்டம், வீட்டில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் சாராயம் வடிக்க இங்கே இடம் கொடுத்தது. 2018இல் வந்த புதிய சட்டமும் அதை மாற்றவில்லை. விற்பதென்றால் உரிமம் வேண்டும், வரி கட்ட வேண்டும். பக்கத்து ஆஸ்திரேலியாவில் உரிமமில்லாமல் வடிப்பது குற்றம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆகவே ஊரில் இருக்கும் யாரும் இதைப் படித்துவிட்டுத் தகடு வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒரு கைவேலையின் நுணுக்கத்தைச் சொல்வதுதான் என் நோக்கம்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது சற்று நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, “ஏம்ப்பா, கடல் தாண்டிப் போயும் இதத்தான் செய்யணுமா?” என்றார். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் சாராயம் எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவருக்கு நான் சொன்ன பதிலும் நேரானதுதான்: “பழத்தோட வாசனைய எடுக்கிறதும்மா. வருசத்துக்கு மூணு நாலு புட்டி.” அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு தூணைப் பற்றி அவராகவே கேட்கத் தொடங்கினார்.

பழம் என்று நான் சொன்னது ஃபீஜோவா. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். இங்கே வேலிக்கு வேலி நிற்கும். மார்ச் முதல் மே வரை, இங்கத்து இலையுதிர் காலத்தில், பச்சைத் தோலோடு பழம் தானாக உதிரும். பறித்தால் ருசிக்காது, விழுந்ததைத்தான் பொறுக்க வேண்டும். அதன் மணத்துக்குக் காரணம் மெத்தில் பென்சோயேட், எத்தில் பென்சோயேட் முதலான எஸ்டர்கள். கொஞ்சம் கொய்யா, கொஞ்சம் அன்னாசி, அதற்கு மேல் ஏதோ மருந்துக்கடை நெடி என்று அந்த மணத்தை ஒருவாறு சொல்லலாம். அக்கம்பக்கத்துப் பழமெல்லாம் புல்லில் அழுகிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இந்த வேலையில் இறங்கினேன். பழத்தின் மணத்தைக் காப்பாற்றிக்கொண்டே சாராயத்தைச் சுத்தமாக்க என்ன கருவி வேண்டும் என்று தேடியபோது விடை தட்டுத் தூணில் வந்து நின்றது. ஜெர்மனியில் போடன்சே ஏரிக்கரையிலும் கருங்காட்டிலும் பழச்சாராயம் வடிப்பவர்களின் கலன்களில் செம்புப் பானைக்கு மேலோ பக்கத்திலோ சில தட்டுகள் கொண்ட குட்டைத் தூண் இருக்கும். ஒரே ஓட்டத்தில் குடிக்கும் தரத்துக்கு வடித்துவிடும்.

தமிழனுக்கு வடித்தல் புதிதல்ல. ஓமத் தீநீர் இறக்கும் வாலை நம் சித்த மருத்துவத்தின் சொத்து. பானை, மேலே ஒரு மூடி, குளிர்ந்த நீர், ஒழுகும் துளிக்கு ஒரு குழாய், இடுக்கெல்லாம் சீலைமண். அது ஒரு முறை ஆவியாக்கி ஒரு முறை குளிர்விக்கும் கருவி. தட்டுத் தூண் அதையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை செய்கிறது. பிரான்சில் செலியே புளூமந்தால் 1813இல் தூணுக்குக் காப்புரிமை வாங்கினார். 1830இல் அயர்லாந்தின் ஏனியஸ் காஃபி வாங்கிய காப்புரிமைதான் ஆலைகளின் முகத்தை மாற்றியது. காஃபி அதற்கு முன்பு கலால் அதிகாரி. கள்ளச்சாராயம் பிடிக்கப் போய் அடிபட்டவர். ஒரு கருவியை ஆண்டுக்கணக்கில் சோதனை போட்டவனுக்கு அதன் குறை எங்கே என்று தெரிந்திருக்கும் என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன். பராமரிப்பு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

இனித் தூணுக்குள் நடப்பது. எங்கள் பக்கத்து ஏரிகளைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மேலேரி நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்து கீழேரிக்கு வரும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. ஒவ்வொரு ஏரியிலும் கலிங்கின் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், மிச்சம் இறங்கும். தூணில் ஒவ்வொரு தட்டும் ஓர் ஏரி. தட்டின்மேல் விரற்கடை ஆழத்துக்குத் திரவம் நிற்கிறது. கீழிருந்து ஏறும் ஆவி அந்தத் திரவத்துக்குள் குமிழிவிட்டுத்தான் மேலே போக முடியும். போகிற போக்கில் ஆவியிலிருக்கும் நீர் திரவத்தில் தங்கிவிடும். அது விட்ட சூட்டில் திரவத்திலிருக்கும் சாராயம் கிளம்பி ஆவியோடு சேர்ந்துகொள்ளும். நிரம்பியது கலிங்கில் வழிந்து, இறங்குகுழாய் வழியாகக் கீழ்த்தட்டுக்கு வரும்.

இந்த வேலையில் நான் சொல்ல நினைப்பது அங்கேதான் இருக்கிறது. வடிகலன் செய்யக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஏறும் ஆவியைப் பற்றியே யோசிக்கிறார்கள். தூண் எவ்வளவு உயரம், எத்தனை கிலோவாட், எவ்வளவு வேகம் என்று கேட்கிறார்கள். ஆவிக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை, சூடு இருந்தால் ஏறிவிடும். இறங்கி வரும் திரவத்துக்குத்தான் நாம் வழி செய்து கொடுக்க வேண்டும். தூணின் தரம் முழுவதும், இறங்குவது எவ்வளவு ஒழுங்காக இறங்குகிறது என்பதில் இருக்கிறது. தட்டு, கலிங்கு, குழாய், அதன் அடியில் இருக்கும் கிண்ணம், மேலே இருக்கும் குளிர்விப்பான் எல்லாமே இறங்குவதற்காகச் செய்யப்படும் உறுப்புகள்.

தட்டில் இரண்டு வகை. ஒன்று சல்லடைத் தட்டு, தகட்டில் சிறு துளைகள் மட்டும். செய்வது சுலபம். ஆனால் துளை வழியாகத் திரவம் கீழே கசியாமல் தாங்கி நிற்பது ஏறும் ஆவியின் அழுத்தம்தான். சூட்டைக் குறைத்தால் தட்டு ஒழுகிக் காலியாகிவிடும். மற்றது குமிழித் தொப்பித் தட்டு. தட்டில் ஒரு குட்டைக் குழாய் எழும்பி நிற்கும், அதன்மேல் பக்கங்களில் வெட்டு விட்ட தொப்பி கவிழ்ந்திருக்கும். ஆவி குழாயில் ஏறி, தொப்பிக்குள் திரும்பி, வெட்டுகளின் வழியே திரவத்துக்குள் குமிழியிடும். குழாயின் வாய் கலிங்கைவிட உயரமாக இருப்பதால், ஆவி மெலிந்தாலும் திரவம் தட்டிலேயே நிற்கும். பழச்சாராயத்தை நிதானமாக ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே தொப்பி வகைதான் எனக்குச் சரிப்பட்டது. ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஓரத்தில் 1.5 மில்லிமீட்டர் துளை ஒன்றும் போட்டேன். ஓட்டம் முடிந்த பிறகு தட்டுகள் தாமாக வடிந்துகொள்ள அது போதும்.

அளவுகள் இவை: தூண் 4 அங்குல விட்டம். ஆகவே தகடு 320 மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம். தட்டுகள் நான்கு. தட்டுக்குத் தட்டு 110 மில்லிமீட்டர் இடைவெளி. கலிங்கு 12 மில்லிமீட்டர். கலிங்கு என்று தனியாக எதையும் ஒட்டவில்லை. இறங்குகுழாயின் மேல்முனையைத் தட்டுக்கு மேலே 12 மில்லிமீட்டர் நீட்டிவிட்டால் அதுவே கலிங்கு. அதன் கீழ்முனை கீழ்த்தட்டில் நிற்கும் திரவத்துக்குள் முங்கியிருக்க வேண்டும். முங்காவிட்டால் ஆவிக்குக் குமிழியிடும் வேலை மிச்சம். திரவத்துக்கென்று வைத்த குழாயிலேயே அது மேலே ஏறிவிடும், இறங்க வேண்டியது தட்டில் தேங்கிப் பெருகித் தூண் மூச்சுமுட்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தட்டின் இறங்குகுழாய்க்குக் கீழே முங்குவதற்குத் தட்டு கிடையாது. அங்கே ஒரு சிறு கிண்ணத்தைப் பிரேசிங் செய்து தொங்கவிட வேண்டும். பலர் செய்யும் தூண்களில் விடுபட்டுப்போவது இந்தக் கிண்ணம்தான்.

தகட்டை உருட்டக் கற்றுக்கொடுத்தவர் ரயில்வே பட்டறையில் செம்புக் கொல்லராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. ரயில் எஞ்சின்களின் செம்புக் குழாய்களை வளைத்த கை. என்னிடம் இரும்புச் சுத்தியலைப் பார்த்ததும் வாங்கி ஓரமாக வைத்தார். கொட்டாப்புளியை எடுக்கச் சொன்னார். மரம் செம்பை நகர்த்தும், இரும்பு செம்பை மெலிய வைக்கும் என்பது அவர் கணக்கு. உருட்டிய தகட்டின் இரு விளிம்பையும் ஒட்டவைத்து, கம்பியால் இறுக்கி, தையல்கோட்டின் மேல் நடுவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் தடுக்கினால் இறக்கிவைத்து மறுபடி தட்ட வேண்டும். பற்றாசு இடைவெளியை நிரப்புவதற்கல்ல, இடைவெளியே இல்லாத இடத்தில் ஊடுருவுவதற்கு என்று அவர் சொல்லிச் சொல்லி என் கண்ணுக்கு அந்தக் கறார் வந்தது.

பற்றாசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். காரீயம் கலந்த பற்றாசு வடிகலனில் எங்குமே வரக் கூடாது. சூடான சாராய ஆவியும் அதில் கலந்திருக்கும் அமிலங்களும் காரீயத்தைக் கரைத்துக் கோப்பைக்குக் கொண்டுவரும். பழைய வாகன ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக வைத்துக் காய்ச்சிய இடங்களில் ஜனங்கள் நஞ்சேறிச் செத்ததற்குக் காரணம் அந்த ரேடியேட்டரின் ஈயப் பற்றுத்தான். வெள்ளிப் பற்றாசிலும் காட்மியம் சேர்ந்த பழைய வகையை ஒதுக்க வேண்டும், அதன் புகையே ஆளைக் கொல்லும். செம்போடு செம்பு சேர்க்கப் பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி போதும், அதற்குத் தனியாக வெண்காரம்கூடத் தேவையில்லை. ஆனால் செம்போடு எவர்சில்வர் சேரும் இடத்தில் அந்தக் கம்பியைத் தொடக் கூடாது. பாஸ்பரஸ் இரும்போடு கூடி, தட்டினால் உடையும் மூட்டைத்தான் தரும். அங்கே காட்மியம் இல்லாத, 45 சதவீதம் வெள்ளி கொண்ட பற்றாசு, அதற்குரிய பசையோடு.

அந்த மூட்டு என் தொழில்வாழ்வின் இரண்டு பாதிகளையும் ஓரிடத்தில் சேர்த்தது. வைகாட்டோ பால் நாடு. இங்கே வந்ததிலிருந்து பால் ஆலைகளில் எவர்சில்வர் குழாய் பொருத்துவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த ஆலைகளில் குழாய்களை இணைக்கும் ட்ரை-கிளாம்ப் என்ற வளையப் பூட்டு, கழற்றிக் கழுவ வசதியானது, திருகு இல்லாதது, அழுக்கு தங்காதது. வடிகலனுக்கும் அதையே வைத்தேன். எவர்சில்வர் வளையத்தைச் செம்புத் தூணோடு பற்றவைக்கும்போது சூட்டைக் கையாளுவதில்தான் வித்தை. செம்பு எவர்சில்வரைப்போல் இருபது மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். தீயை இரண்டிலும் சமமாகப் பிடித்தால் எவர்சில்வர் கருத்து, குரோமியத் துரு ஏறி, பற்றாசை ஏற்க மறுக்கும். செம்போ இன்னும் சூடேறியிருக்காது. தீநாக்கைச் செம்பின்மேலேயே வைத்து, எவர்சில்வரைச் சும்மா தடவிக்கொண்டு போக வேண்டும். பசை கண்ணாடியாகத் தெளிந்ததும் கம்பியை மூட்டில் தொட்டால், சூடு இருக்கும் பக்கமாகப் பற்றாசு ஓடும். உருகுநிலை அதிகமான பாஸ்பரஸ் மூட்டுகளை முதலில் முடித்து, வெள்ளி மூட்டுகளைப் பிறகு வைத்துக்கொண்டால், முன்னது இளகாது. இரண்டு உலோகமும் சூட்டில் விரியும் அளவு ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒழுங்காகப் பற்றிய மூட்டு எத்தனை ஓட்டத்துக்கும் தாங்கும்.

எவர்சில்வரிலேயே முழுத் தூணையும் செய்துவிடலாமே, எதற்குச் செம்பு என்று ஆலையில் கேட்டார்கள். ஊறலில் ஈஸ்ட் கந்தகச் சேர்மங்களை உண்டாக்குகிறது. கெட்ட முட்டை நாற்றம், வெந்த முட்டைக்கோஸ் நாற்றமெல்லாம் அவைதான். சூடான செம்பு அவற்றைப் பிடித்துத் தன்மேல் கரும்படலமாக ஒட்டவைத்துக்கொள்ளும். எவர்சில்வர் தூணில் வடித்ததையும் செம்புத் தூணில் வடித்ததையும் முகர்ந்து பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. செம்பு தேய்ந்துதான் இந்த உபகாரத்தைச் செய்கிறது. ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் அதன் முகத்தைக் கழுவிக் கொடுக்க வேண்டும். இங்கே எல்லோரும் சிட்ரிக் அமிலப் பொடியைக் கரைத்து ஊற்றுவார்கள். நான் புளி கரைத்து ஊற்றுகிறேன். பித்தளைக் குடத்துக்கும் செம்புச் சொம்புக்கும் நம் வீடுகளில் நடப்பதேதான். களிம்பெல்லாம் கழன்று தட்டுகள் ரோஜா நிறத்தில் வெளிவரும். அதன்பின் வெந்நீரில் அலசல், வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஓர் ஓட்டம். புதுத் தூணென்றால் வினிகரில் ஓர் ஓட்டம், மட்டமான சாராயத்தில் ஓர் ஓட்டம், வந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

தூணின் உச்சியில் உட்காருவது மேல் குளிர்விப்பான். 4 அங்குலக் கூட்டுக்குள் ஏழு செம்புக் குழாய்கள். ஆவி குழாய்களுக்குள், தண்ணீர் வெளியே. ஏறிவந்த ஆவியில் ஒரு பங்கை இது திரவமாக்கித் தட்டுகளுக்கே திருப்பி அனுப்பும். மிச்ச ஆவி தாண்டிப்போய், பக்கத்தில் இறங்கும் இன்னொரு குளிர்விப்பானில் துளியாகும். மேல் குளிர்விப்பானுக்குத் தண்ணீர் விடும் ஊசி வால்வுதான் முழுக்கருவிக்கும் கடிவாளம். கால்திருப்பு திறந்தால் வரத்து மெலிந்து செறிவு ஏறும், மூடினால் வரத்து கூடி மணம் தூக்கும். 5 கிலோவாட் சூடு முழுவதையும் வாங்கிக்கொள்ள, 15 டிகிரியில் நுழையும் தண்ணீர் 55 டிகிரியில் வெளியேறுவதாக வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 1.8 லிட்டர் போதும். குடிநீர்க் குழாயின் அழுத்தம் பக்கத்து வீட்டில் யாராவது குளித்தால்கூட ஆடிவிடுகிறது. ஆகவே மழைநீர்த் தொட்டியிலிருந்து சிறு பம்பு வைத்துச் சுற்றவிடுகிறேன்.

சூட்டுக்கு மின்கம்பிதான். உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து இணைத்தது. திறந்த தீயை வடிகலனுக்குக் கீழே வைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. 1 லிட்டர் எத்தனால் ஆவியானால் ஏறத்தாழ 490 லிட்டராகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தவழ்ந்து போகும். காற்றில் 3.3 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். எரிகிற எத்தனாலின் நீலச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே கொட்டகைக் கதவு திறந்தே இருக்கும், வடியும் பாத்திரம் கண்ணாடி, தீப்போர்வை கைக்கெட்டும் தூரத்தில், அடைப்பான் எதுவும் ஆவியின் வழியில் கிடையாது. கலனின் வாயிலிருந்து கடைசித் துளி விழும் முனைவரை காற்றோடு திறந்த பாதை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். பழச்சக்கை கொதித்துப் பொங்கி மேலேறித் தட்டுகளை அடைத்தால் அந்தப் பாதை மூடிக்கொள்ளும். அதனால் ஊறலைத் துணியில் கட்டிப் பிழிந்து, சாற்றை மட்டுமே கலனில் ஊற்றுவது என் வழக்கம். சக்கை மின்கம்பியில் ஒட்டித் தீய்ந்து போவதும் இதனால் தவிரும். ஓட்டம் முடியும்வரை கொட்டகையை விட்டு வெளியே போவதில்லை.

தூணின் ஒவ்வொரு தட்டுக்கும் எதிரே ஒரு கண்ணாடிச் சாளரம் வைத்தேன். இந்தச் செலவை வீண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் தூணின் உயிர். சூடு ஏறும்போது கீழ்ச்சாளரத்தில் முதலில் பனி படரும், பிறகு மேல்சாளரங்களில் ஒவ்வொன்றாக. மேல் குளிர்விப்பானுக்குத் தண்ணீரை முழுக்கத் திறந்ததும் உச்சித்தட்டு நிரம்பும். அது கலிங்கைத் தாண்டியதும் அடுத்த தட்டு. இப்படி மேலிருந்து கீழாகத் தூண் நிரம்பிவரும். நான்கு தட்டிலும் தொப்பிகளைச் சுற்றி வெள்ளை நுரை ஒரே சீராகத் துடிக்கும். ஒரு தட்டு மட்டும் குதித்தாலோ அசையாமல் கிடந்தாலோ அதன் இறங்குகுழாயில் கோளாறு என்று அப்போதே தெரிந்துவிடும். நிரம்பிய பிறகு அரைமணி நேரம் ஒரு சொட்டுக்கூட வெளியே எடுக்காமல் முழுவதையும் திருப்பி இறங்கவிடுவேன். லேசானவை எல்லாம் உச்சிக்கு வந்து சேர்ந்துகொள்ள அந்த அவகாசம் வேண்டும்.

முதலில் வருவது தலை. நகப்பூச்சு கழுவும் நெடி, எத்தில் அசிட்டேட். அதைத் தனியே பிடித்துத் துடைக்கிற வேலைக்கு வைத்துக்கொள்வேன். பிறகு வருவதைச் சிறு கண்ணாடிச் சாடிகளில் வரிசையாகப் பிடித்து, மெல்லிய துணி மூடி ஓரிரவு விட்டு, மறுநாள் காலையில் காப்பி குடிக்கும் முன் முகர்ந்து பார்த்துப் பிரிப்பேன். நடுச்சாடிகளில் ஃபீஜோவா தெளிவாக நிற்கும். வால் பகுதியில் ஈரத்துணி நாற்றம் தலைகாட்டும். 50 லிட்டர் ஊறலிலிருந்து, 40 சதவீதத்துக்கு நீர் சேர்த்த பிறகு, அம்மாவிடம் சொன்ன கணக்குத்தான் தேறும்.

மெத்தனாலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இங்கேயும் உண்டு, ஊரிலும் உண்டு. அது 64.7 டிகிரியில் கொதிப்பதால் முதலிலேயே முழுக்க வந்துவிடும், தலையைக் கொட்டினால் போதும் என்கிறார்கள். நீரோடும் எத்தனாலோடும் கலந்திருக்கும்போது அது ஓட்டம் நெடுக வந்துகொண்டே இருக்கும். பழத்தில் இருக்கும் பெக்டின்தான் அதற்கு மூலம். ஒழுங்காக ஊறிய பழச்சாற்றில் உண்டாகும் அளவு சிறியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மெத்தனால் எந்த ஊறலிலும் பிறந்ததல்ல, கொண்டுவந்து கலக்கப்பட்டது. செய்தியைப் படித்த அன்று அம்மா மறுபடி அழைத்தார். வடிக்கிறவனின் கவனக்குறைவு வேறு, பணத்துக்காக விஷத்தை ஊற்றுகிறவனின் கொலைபாதகம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால், செத்தவர்களுக்கு வர வேண்டிய நீதியைத்தான் மங்கடிக்கிறோம். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்கள் ஆலையில் சேர்ந்திருக்கும் ஒரு பையன் இப்போது சொந்தமாகத் தூண் செய்யத் தொடங்கியிருக்கிறான். “அண்ணே, எட்டுத் தட்டு போட்டுடலாம்ங்களா?” என்று வந்தான். கட்டத்தாளை எடுத்து மெக்கேப், தீல் இருவரும் 1925இல் போட்டுக்காட்டிய வரைபடத்தை வரையச் சொன்னேன். 8 சதவீத ஊறலிலிருந்து கிளம்பும் ஆவி ஏறத்தாழ 50 சதவீதம். எல்லாவற்றையும் திருப்பி இறக்குவதாக வைத்துக்கொண்டால் அடுத்த படி 80, அதற்கடுத்தது 88, பிறகு 92. படிகள் குறுகிக்கொண்டே போய் 97.2இல் முட்டி நிற்கும். அதற்கு மேல் எத்தனை தட்டு அடுக்கினாலும் சாதாரண வடிப்பில் நகராது. பென்சில் படிகள் மேல்மூலையில் நெருங்கிக் கறுப்பதை அவனே பார்த்தான். நிஜத் தட்டு கணக்குத் தட்டில் பாதிக்குச் சற்று மேலேதான் வேலை செய்யும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மணமே இல்லாத வோட்காவுக்கு என்றால் எட்டும் போதாது, பழத்துக்கு என்றால் நான்கே தாராளம்.

அவன் நாலுக்கு ஒப்புக்கொண்டான். தொப்பிகளைக் கடைசலில் பிடித்துக் கடைந்தும் முடித்துவிட்டான், வெட்டுகளின் முனையில் பிசிறு ஒன்றும் இல்லை. அடித்தட்டின் கிண்ணத்துக்கு மட்டும் அளவு கேட்டு நேற்று வந்தான். ஆழம் 20 மில்லிமீட்டர், இறங்குகுழாயின் முனை கிண்ணத்தின் தரையிலிருந்து 8 மில்லிமீட்டர் உயரத்தில், கிண்ணத்தின் விட்டம் குழாயின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. பற்றவைத்த பிறகு தூணைக் கோர்க்கும் முன் ஒவ்வொரு தட்டிலும் குவளையால் தண்ணீர் ஊற்றி, வழிவது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிப் பற்றாசு என்னிடம் மிச்சம் இருக்கிறது, சனிக்கிழமை அவனோடு உட்காரப் போகிறேன்.